தேயிலை ரசீது ஆப்பில் ‘மைம்’ பேக்கேஜ்

கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயிகள் பச்சைத் தேயிலை ரசீதைப் போனில் படம் எடுத்து அனுப்ப ஒரு வெப் ஆப் செய்து தருகிறேன். வருவது என்ன ஃபைல் என்று கண்டுபிடிக்க நோட் ஜேஎஸ்ஸின் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் தளம்) ‘மைம்’ பேக்கேஜைப் (ரெடிமேட் கோடு தொகுப்பு) போட்டிருக்கிறேன். மனசாரச் சொல்கிறேன், நல்ல சரக்கு.

வேறு எந்தப் பேக்கேஜையும் கூட இழுத்து வராது. ‘கெட்டைப்’ ஃபங்ஷனிடம் ஃபைல் பெயரைக் கொடுத்தால் போதும்: ஜேபிஜி என்றால் ‘இமேஜ்/ஜேபெக்’ என்று வகையைச் சொல்லும், தெரியாத எக்ஸ்டென்ஷன் (பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வருவது) என்றால் ‘நல்’ (ஒன்றுமில்லை என்ற பதில்). பெரிய எழுத்தில் இருந்தாலும் சரியாகப் படிக்கும். ஃபைலைத் திறப்பதே இல்லை என்பதால் அப்லோட் தொடங்குமுன்பே வேண்டாததைத் தடுத்துவிடலாம். மழை பிடித்தால் சிக்னல் திணறும் எங்கள் மலையில் இது பெரிய விஷயம்.

‘மைம்/லைட்’ என்ற சின்ன வடிவமும் இதிலேயே உண்டு. பிரவுசருக்கு ஏற்றது. ஆனால் ‘விஎன்டி’ (நிறுவனங்களின் சொந்த வகைகள்), ‘எக்ஸ்-’ (சோதனை வகைகள்) என்று தொடங்கும் வகைகளை அதில் சேர்ப்பதில்லை. டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் இரண்டும் அந்த ரகம்; லைட்டில் கேட்டால் ‘நல்’தான். ஃபேக்டரிக் கணக்கு எக்செலில் வருவதால் சர்வரில் முழு மைம், போன் பக்கம் லைட் என்று வைத்திருக்கிறேன்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: இது பெயரை மட்டுமே நம்பும். ஈஎக்ஸ்இ (புரோகிராம்) ஃபைலுக்கு யாராவது ஜேபிஜி என்று பெயர் மாற்றினால் படம் என்றே சொல்லும். அதனால் முதல் சில பைட்டுகளைப் பார்க்கும் சோதனை சர்வரில் தனியாக இருக்கட்டும். ஜேபெக் ஃபைல் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் (ஹெக்ஸ் எண்ணில் எழுதிய மூன்று பைட்டுகள்) என்றுதான் தொடங்கும். அதைச் சரிபார்க்க நாலு வரி கோடு போதும்.

எம்ஐடி லைசென்ஸ் (யாரும் தாராளமாகப் பயன்படுத்த விடும் உரிமம்), காசு கிடையாது.