டீஹைட்ரேட்டர்: கீரைக்கு வாங்கலாம், வற்றலுக்கு வேண்டாம்

கீரை, பழத்தையெல்லாம் சூடான காற்றில் உலர்த்தும் கரண்ட் மெஷின்தான் டீஹைட்ரேட்டர். எங்களுடையது ஐந்து தட்டு, 250 வாட், சூடு 35 முதல் 70 டிகிரி வரை. கொல்லையில் முருங்கை தழைத்துக் கிடக்கிறது என்றுதான் வாங்கினோம். அடைமழைக் காலம் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முருங்கைக்கீரைக்கு இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. கழுவி, ஈரம் வடித்து, உருவிய இலையை 45 டிகிரியில் ராத்திரி போட்டால் காலையில் கையில் நொறுங்குகிறது. பச்சை அப்படியே இருக்கிறது. நேர் வெயிலில் காயவைத்தால் இலை வெளிறும், வைட்டமின் ஏ தரும் பீட்டா கரோட்டினும் கூடவே போகும். அம்மா கீரையை நிழலில்தான் உலர்த்துவாள். ஐப்பசி ஈரத்தில் நிழலில் போட்டால் பூஞ்சை பிடித்துவிடுமே! அங்கேதான் இந்த மெஷின் கைகொடுக்கிறது. எட்டு மணி நேரத்துக்கு இரண்டு யூனிட் கரண்ட்.

இரும்பு, கால்சியம், நார்ச்சத்து எதுவும் காய்வதால் போகாது. தண்ணீர் வற்றியதால் நூறு கிராமுக்கு அளவு கூடித் தெரியும். முருங்கைப் பொடி பாக்கெட்டில் அச்சடிக்கும் பெரிய எண்களெல்லாம் அப்படி வந்தவைதான். நாம் போட்டுக்கொள்வது ஒரு ஸ்பூன்.

பெட்டியில் "சத்து துளியும் குறையாது" என்று போட்டிருக்கிறார்கள். அது சரியில்லை. சூடும் காற்றும் படப்பட வைட்டமின் சி அழியும். சூட்டைக் குறைத்து வைத்தாலும் ஓரளவு போகத்தான் செய்யும். கீரையிலுள்ள இரும்பை உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ள அந்த வைட்டமின் சி வேண்டும். அதனால் பொடி போட்ட சூப்பை இறக்கியபின் எலுமிச்சை பிழிந்துதான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன்.

சப்போட்டா, வாழைப்பழம் அருமையாகக் காய்கிறது. ஆனால் வீட்டில் சர்க்கரை உள்ளவர்கள் இருந்தால் கவனம். இரண்டு மூன்று பழத்தின் இனிப்பு ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடுகிறது, வயிறும் நிறைவதில்லை. எங்கள் வீட்டுக்காரருக்கு எண்ணித்தான் கொடுக்கிறேன்.

சுண்டைக்காய் வற்றல், மோர்மிளகாய்க்கெல்லாம் இது தண்டச்செலவு. சித்திரை வெயில் சும்மா கிடைக்கிறது, ருசியும் அதில்தான்.

குறை என்றால், ஃபேன் அடியில் இருப்பதால் கீழ்த்தட்டு முதலில் காய்ந்துவிடுகிறது. நடுவில் ஒருமுறை தட்டுகளை மாற்றி அடுக்க வேண்டும். முருங்கை இலை காயக்காய ஓட்டை வழியே உதிர்கிறது; மேலே விரிக்கும் சன்ன வலையைத் தனியாகத்தான் விற்கிறார்கள். வாங்கும்போதே சேர்த்து வாங்கிவிடுங்கள்.