பண்ணை ஓசிலாரிஸ்: மீன் அருமை, ‘ஜோடி’ விலை வீண்

கடல்நீர்த் தொட்டிக்கு முதல் மீன் என்றால் பண்ணையில் பொரித்து வளர்த்த ஓசிலாரிஸ் கோமாளி மீன்தான். பெல்லட் (உலர் உருண்டைத் தீனி) தின்னப் பழகியே வருகிறது. கடலில் பிடித்ததோ அடிக்கடி புரூக்லினெல்லா ஒட்டுண்ணியோடு வரும்: உடம்பில் சளி திரளும், மூச்சு வாங்கும், சில நாளில் செத்துப்போகும். காப்பர் மருந்து அதற்குக் கேட்காது, ஃபார்மலின் குளியல்தான் வழி. மண்டபம் கடல் மீன்வள ஆராய்ச்சி மையமே பண்ணை முறையைக் கைவசப்படுத்திவிட்ட பிறகு, கடல் மீனை வாங்க நியாயம் இல்லை.

குறை மீனில் இல்லை, விற்கும் விதத்தில். குஞ்சுகளையே ‘ஜோடி’ என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கிறார்கள். குஞ்சில் ஆண், பெண் என்ற பிரிவே கிடையாது. கூட்டத்தில் பெரியது பெண்ணாகும், அடுத்தது ஆணாகும், மற்றவை வளராமல் காத்திருக்கும். ஆகவே ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக இரண்டு குஞ்சு வாங்கினால் ஜோடி தானே அமையும். சிறியது பெரியதன் முன்னால் உடம்பை நடுக்கிக் காட்டினால் அமைந்துவிட்டது என்று அர்த்தம். ஒரே அளவில் வாங்கினால் கடித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். வளர்ந்த பெண் இரண்டைச் சேர்த்து விட்டால் பெரும்பாலும் ஒன்றுதான் மிஞ்சும். பெண் செத்தால் பதற வேண்டாம், இருக்கிற ஆணே பெண்ணாக மாறும்; துணைக்கு அதைவிடச் சிறிய குஞ்சு வாங்குங்கள், பெரியதை அல்ல. முட்டையிடும் ஜோடிக்கு மட்டும் கூடுதலாகக் கொடுக்கலாம், அதுவும் முட்டையைக் கண்ணால் பார்த்த பிறகு.

வாங்கும்போது செவுள் மூடியைப் பாருங்கள். குட்டையாகவோ சுருண்டோ இருந்தால் வேண்டாம், சரியாகாது. வெள்ளைப் பட்டை அறுந்திருப்பது பண்ணைக் குறைதான், நோயல்ல. அதையே புதுப்பெயர் வைத்து விலையேற்றுவது வேறு கதை. இதே போலிருக்கும் இன்னொரு இனமான ‘பெர்குலா’ என்று சொன்னால் முதுகுத் துடுப்பு முள்ளை எண்ணுங்கள்: பெரும்பாலும் ஓசிலாரிஸுக்கு 11, பெர்குலாவுக்கு 10.

கோமாளி மீன் கடலில் தங்கி வாழும் பூப்போன்ற உயிரான அனிமோனையும் சேர்த்துத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். மீனுக்கு அது கட்டாயமில்லை. ஆறு மாதம் ஓடாத தொட்டியில் அனிமோன் செத்து அழுகினால் தண்ணீரும் கெடும். ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தால் போதும், அதிலேயே முட்டையிடும். 27-28 டிகிரியில் சுமார் ஒரு வாரத்தில், விளக்கணைத்த பிறகு பொரியும். பொரித்த குஞ்சுக்கு முதல் நாளிலிருந்தே ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரைத் தீனியாகக் கொடுக்க வேண்டும். ஆர்டிமியா என்ற உப்புநீர் இறால் குஞ்சு அந்த வாய்க்குப் பெரிது. ரோட்டிஃபர் வளர்ப்பு தயாராக இல்லாத வீட்டில் ஒரு குஞ்சுகூடத் தேறாது.