விலான் எண்ணுக்கு எந்த மொழியில் வகை எழுதுவது?

ஒரே வலைப்பின்னலைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கும் விலானின் (VLAN) எண் 1 முதல் 4094 வரைதான் இருக்கலாம். இந்தச் சின்ன விதியை எழுதச் சொன்னாலே வலைப்பின்னல் சாதனங்களின் தரவை வரையறுக்கும் மாதிரியாக்க மொழிகளின் குணம் தெரிந்துவிடும்.

சாதனங்களைக் கண்காணிக்கும் பழைய நெறிமுறையான எஸ்என்எம்பி (SNMP) உலகின் மொழி எஸ்எம்ஐவி2 (SMIv2). அதில் இதற்கு டெக்ஸ்ச்சுவல் கன்வென்ஷன், அதாவது பெயரிட்ட தனி வகை, உண்டு. 32 பிட் முழுஎண்ணான இன்டீஜர்32-ஐ எடுத்து, எல்லை போட்டு, பெயர் வைத்துவிடலாம். மதிப்பை எப்படிக் காட்டுவது என்று சொல்லும் டிஸ்ப்ளே ஹின்ட்டில் ‘டி-2’ என்று குறித்தால் 1234 என்ற மதிப்பு திரையில் 12.34 ஆகத் தெரியும், அழகான வசதி. ஆனால் ஒரு கன்வென்ஷனின் மேல் இன்னொன்றைக் கட்ட முடியாது. விலான் வகைகளை வரையறுக்கும் இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 4363-ஐப் பாருங்கள்: சாதாரண விலான் எண், ‘எதுவும் இல்லை’ என்பதற்கு 0 சேர்ந்தது, ‘எதுவாயினும்’ என்பதற்கு 4095 சேர்ந்தது, இரண்டும் சேர்ந்தது என நான்கு வகைகள். அதே எல்லையை நான்கும் தனித்தனியே எழுதுகின்றன.

பின்னர் வந்த மாதிரியாக்க மொழியான யாங் (YANG) இங்கேதான் முந்துகிறது. குறியில்லா 16 பிட் முழுஎண்ணான யுஇன்ட்16-இன் மேல் ஒரு டைப்டெஃப் (பெயரிட்ட புது வகை), அதன் மேல் இன்னொன்று என்று அடுக்கலாம். ஒவ்வொரு படியிலும் எல்லையைக் குறுக்கலாமே தவிர விரிக்க முடியாது. அலகு, இயல்பு மதிப்பு, எல்லை மீறினால் காட்டவேண்டிய பிழைச்செய்தி எல்லாம் வரையறையிலேயே அடங்கும். சிறப்புப் பொருள் ஏற்றிய 4095 போன்ற மாயஎண்ணும் தேவையில்லை. பல வகைகளை ஒன்றாக்கும் யூனியன் வைத்து எண்ணையும் ‘எதுவாயினும்’ என்ற சொல்லையும் ஒரே வகையில் சேர்க்கலாம்.

ஓரிடத்தில் மட்டும் பழைய மொழிக்கே என் வாக்கு. ஏறிக்கொண்டே போகும் எண்ணிக்கைக்கான கவுன்டர்32 எஸ்எம்ஐயில் அடிப்படை வகை. அது உச்சம் தொட்டுப் பூஜ்யத்துக்குத் திரும்பும் என்பது மொழிக்கே தெரியும். யாங்கில் அது யுஇன்ட்32 மீதான வெறும் டைப்டெஃப். சுழலும் தன்மை விளக்க உரையில் கிடக்கிறது. கருவிகள் உரை படிப்பதில்லை.

தரவைச் சுருக்கமான பைட்டுகளாக்கி அனுப்பும் புரோட்டோபஃபை (Protobuf) இந்தப் போட்டியில் சேர்ப்பதே தாராளம். 16 பிட் முழுஎண் கிடையாது, எல்லை கிடையாது. சரிபார்ப்புக்கு வெளித்துணை வேண்டும். டெலிமெட்ரியை (சாதனங்கள் தொடர்ந்து அனுப்பும் அளவீடுகளை) வேகமாக அனுப்ப அது போதும். அங்கும் ஒரு கண்ணி: இன்ட்32-இல் எதிர்மறை எண் 10 பைட் பிடிக்கும், எதிர்மறை எண்களைச் சுருக்கமாக எழுதும் சின்ட்32 வகையை எடுப்பது நல்லது.

சாதன உள்ளமைவுக்கு (configuration) நான் யாங்கையே எடுப்பேன், எல்லையை முதலிலேயே இறுக்கமாக வைத்து. வெளியிட்ட யாங் மாட்யூலில் எல்லையைப் பின்னாளில் விரிக்க விதி இடம் தருகிறது, குறுக்க இடம் தருவதில்லை.