அமெரிக்க நாடுகடத்தல் வழக்கை இங்கிருந்து பார்க்க இரண்டு இணையச் சேவைகள்: ஒரு மதிப்புரை

அமெரிக்காவில் உறவினர் ஒருவர்மீது நாடுகடத்தல் வழக்கு நடந்தால், சிங்கப்பூரில் இருக்கும் குடும்பத்துக்குக் கைகொடுப்பவை இரண்டு. ஒன்று, குடிநுழைவு நீதிமன்றங்களின் வழக்கு நிலவரத் தளம். மற்றொன்று, கூட்டாட்சி நீதிமன்றங்களின் வழக்குப் பதிவேடுகளைக் காட்டும் ‘பேசர்’ (PACER) தளம். முதலாவது இலவசம், சுலபம், கணக்குத் தொடங்கவும் தேவையில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தால் வழக்கே கைநழுவிப் போகலாம்.

நிலவரத் தளத்தில் ‘ஏ’ எண்ணை, அதாவது குடிநுழைவுத் துறை அவருக்குக் கொடுத்த கோப்பு எண்ணை, 9 இலக்கமாகக் கொடுக்க வேண்டும். பழைய தாள்களில் 8 இலக்கம்தான் இருக்கிறதென்றால் முன்னால் ஒரு 0 சேர்த்துக்கொள்ளுங்கள். நாடு கேட்கும் இடத்தில் வழக்குத் தாளில் பதிவான நாட்டைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்த விசாரணைத் தேதி, நீதிபதியின் முடிவு, மேல்முறையீட்டு வாரியத்தில் வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதெல்லாம் வரும். அதற்கு மேலுள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நடப்பது எதுவும் வராது, அதைப் பேசரில்தான் பார்க்க வேண்டும். இந்தத் தளத்தின் பெரிய குறையே அதுதான்.

வெளியேற்ற உத்தரவை வாரியம் உறுதிசெய்துவிட்டது, வழக்கறிஞர் வாரியத்திடமே மறுபரிசீலனை மனு போட்டிருக்கிறார் என்று வையுங்கள். ‘வாரியத்தின் பதில் வரட்டும், அப்புறம் கோர்ட்டுக்குப் போகலாம்’ என்று குடும்பம் காத்திருக்கும். கூடவே கூடாது. மறுபரிசீலனை மனு நிலுவையில் இருந்தாலும் நீதிமன்றச் சீராய்வுக்கான (வாரியத்தின் முடிவு சரியா என்று நீதிமன்றம் பார்ப்பதற்கான) கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1995இல், ஸ்டோன் வழக்கில், தீர்ப்பளித்துவிட்டது. வாரியத்தின் முடிவிலிருந்து 30 நாளுக்குள் சீராய்வு மனு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தபாலில் போட்ட தேதி கணக்கில் வராது. இந்தக் கெடு நீதிமன்றத்தின் அதிகார வரம்பைத் தீர்மானிப்பதல்ல, அதாவது கெடு தவறியதாலேயே மனுவை விசாரிக்கும் அதிகாரம் போய்விடாது என்று 2025இல் ரைலி வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் அரசுத் தரப்பு ஆட்சேபித்தால் கெடு கெடுதான்.

கெடு தவறியபின் மறுபரிசீலனை நிராகரிப்பை மட்டும் எதிர்த்துப் போனால் என்ன ஆகும்? வாரியம் தன் விருப்புரிமையை அத்துமீறிப் பயன்படுத்தியதா என்பதை மட்டுமே நீதிமன்றம் பார்க்கும். புகலிடக் கோரிக்கையை நம்பாதது சரியா என்பது போன்ற மூலக் கேள்விகளுக்குப் பெரும்பாலும் இடமிருக்காது. ஆகவே மனுக்கள் இரண்டாக இருக்க வேண்டும்: மூல உத்தரவுக்கு ஒன்று, நிராகரிப்பு வந்தபின் அதற்கு ஒன்று. இரண்டையும் சேர்த்தே விசாரிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஒவ்வொன்றுக்கும் நீதிமன்றப் பதிவுக் கட்டணம் 600 டாலர். பணம்தான், ஆனால் இங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது. சீராய்வு மனு போட்டதாலேயே நாடுகடத்தல் நின்றுவிடாது என்பதையும் கவனியுங்கள். இடைக்காலத் தடைக்குத் தனியே மனு போட வேண்டும்.

நம் ஊர்க் குடிநுழைவுச் சட்டத்தின் 39ஏ பிரிவின்படி, நடைமுறை பின்பற்றப்பட்டதா என்பதைத் தவிர வேறெதையும் நீதிமன்றம் சீராய முடியாது. அதற்குப் பழகியவர்களுக்கு அமெரிக்கக் கதவு அகலமாகத் தெரியும். அகலம்தான், ஆனால் 30 நாளில் சாத்திவிடுவார்கள்.

நேர வித்தியாசமும் முக்கியம். மின்வழித் தாக்கலுக்குக் கடைசி நாள் நள்ளிரவு வரை நேரம் உண்டு, அதுவும் அந்த நீதிமன்ற அலுவலகம் இருக்கும் ஊரின் நேரப்படி. நியூயார்க் என்றால் இங்கே மறுநாள் பகல் 12 மணி, அவர்களது குளிர்காலத்தில் 1 மணி. சான் பிரான்சிஸ்கோ என்றால் பிற்பகல் 3 அல்லது 4.

இங்கிருந்து கடிதங்கள், சாட்சிப் பத்திரங்கள் அனுப்புவோர் வழக்கமாகச் செய்யும் பிழை ஒன்று உண்டு: புதிய சான்றை மறுபரிசீலனை மனுவுக்கென்று அனுப்புவது. மறுபரிசீலனை மனு, பழைய முடிவில் இருக்கும் சட்டப் பிழையையோ உண்மைப் பிழையையோ சுட்டிக்காட்டுவதற்கு. அதையும் 30 நாளுக்குள், ஒரே ஒரு முறைதான் போடலாம். புதிய சான்றுக்கு உரியது வழக்கை மீண்டும் திறக்கும் மனு, அதற்கு 90 நாள். சாட்சிப் பத்திரத்துக்காக நோட்டரியிடம் ஓட வேண்டிய அவசியமும் இல்லை. அமெரிக்கச் சட்டங்களின்படி பொய்ச்சாட்சித் தண்டனைக்கு உட்பட்டு உறுதியளிப்பதாக எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும். தமிழ் ஆவணமானால் ஆங்கில மொழிபெயர்ப்பும், அதில் மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட சான்றும் வேண்டும்.

பேசர் பார்வைக்குப் பழசு. ஆனாலும் வேலைக்கு ஆகும். பக்கத்துக்கு 10 காசு, ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். காலாண்டில் 30 டாலரைத் தாண்டாவிட்டால் கட்டணமே இல்லை. குடிநுழைவு வழக்குகளில் வெளியார் இணையத்தில் பார்க்க முடிவது வழக்குப் பதிவேடும் நீதிமன்ற உத்தரவுகளும் மட்டுமே. கட்சிக்காரர்களின் வாதத் தாள்கள் வராது. நமக்குப் பதிவேடே போதும்.

தேடும்போது பெயர்தான் தொல்லை. தகப்பன் பெயர் குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கலாம், எழுத்துக்கூட்டும் மாறியிருக்கலாம். இரண்டு பெயரையும் போட்டுப் பாருங்கள். அதைவிட நல்லது, வழக்கறிஞரிடம் சீராய்வு மனுவின் வழக்கு எண்ணையே கேட்டு வாங்கிவிடுவது. பதிவேட்டின் முதல் வரியில் மனு தாக்கலான தேதி இருக்கும். அதை வாரிய முடிவின் தேதியோடு வைத்து எண்ணுங்கள். எண்ணைத் தராமல் ‘போட்டாச்சு, போட்டாச்சு’ என்று மட்டும் பதில் வந்தால், மனு இன்னும் பதிவாகவில்லை என்றே எடுத்துக்கொண்டு அன்றைக்கே விசாரியுங்கள்.