ரிப்பேர் ஆன விமானத்தைப் பறக்கவிடும் முன் எடை போடுங்கள்

சென்னையில் ஆர்சி விமானம், அதாவது ரிமோட்டில் ஓட்டும் குட்டி விமானம் பறக்கவிடுபவர்கள், கிராஷ் ஆனதைக் கடையில் கொடுக்கும் எண்ணம் இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடை பெயர் போடப்போவதில்லை, இன்பாக்ஸில் கேட்டாலும் சொல்ல மாட்டேன். என்ன செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

என்னுடையது இபிஓ என்கிற வளைந்துகொடுக்கும் ஃபோமில் செய்த டிரெய்னர், புதிதாக ஓட்டிப் பழகுபவர்களுக்கான விமானம். இறக்கை 1.4 மீட்டர், பேட்டரியோடு எடை 1,060 கிராம். கேளம்பாக்கம் தாண்டி ஒரு காலி நிலத்தில், கடற்காற்று கிளம்பிய பிறகும் பிடிவாதமாக ஓட்டினேன். இறங்கும்போது ஒரு பக்கம் தரையில் குத்தியது. மூக்கு நசுங்கி, வாலுக்கு முன்னால் உடல் பிளந்து, இரண்டு இறக்கைகளையும் சேர்க்கும் கார்பன் குழாயும் விரிந்துபோனது. அது முழுக்க என் தப்பு.

கடைக்காரர் பார்த்துவிட்டு, "விடுங்க சார், புதுசு மாதிரி பண்ணித் தரேன்" என்றார். பத்து நாள் இழுத்து, 3,400 ரூபாய் வாங்கினார். துண்டுச் சீட்டில் கையால் எழுதிய கணக்கு. அதில் "கார்பன் ராடு 850" என்று ஒரு வரி. பார்க்க உண்மையிலேயே புதுசு மாதிரிதான் இருந்தது, சிவப்பு டேப் எல்லாம் ஒட்டிப் பளபளவென்று. ஒன்றுதான் உறுத்தியது. முன்பெல்லாம் இறக்கையைக் கழற்றித்தான் காரில் வைப்பேன், இப்போது கழலவில்லை. கேட்டதற்கு, "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு ஒட்டிட்டேன் சார்" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவிடாமல் செய்வதற்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது என்பது அப்போது உறைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலை. மேலே ஏறும்போதே மூக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்தது. ரிமோட்டில் டிரிம் செய்து, அதாவது வால் மடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்த்தும் அடங்கவில்லை. இரண்டாவது திருப்பத்தில் நன்றாகச் சாய்த்தேன், இறக்கை புத்தகம் மூடுவதுபோல் மடிந்தது. 60 டிகிரி சாய்ந்து உயரம் குறையாமல் திரும்பினால் இறக்கை விமானத்தின் எடையைப்போல் இரண்டு மடங்கைத் தாங்க வேண்டும். அந்தப் பாரம் முழுக்க நடுவிலுள்ள குழாயில்தான் வந்து இறங்கும். விழுந்த இடத்துக்குப் பத்தடி தள்ளி ஒரு எருமை மேய்ந்துகொண்டிருந்தது. எருமைக்குப் பதில் யாராவது நின்றிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

வீட்டுக்கு வந்து டேப்பைக் கிழித்தேன். கார்பன் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் கபாப் குத்தும் மூங்கில் குச்சிகள் மூன்று. அவற்றைச் சேர்த்துக் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள், பார்த்தால் கார்பன் போலவே தெரியும். வால் பக்கப் பிளவில் ஹாட் க்ளூவைக் கொழுக்கட்டைக்குப் பூரணம் வைப்பதுபோல் திணித்திருந்தார்கள். மூடிய காரில், சென்னை வெயிலில், அது இளகிப்போகும். அதைவிட மோசம் எடை. சமையலறைத் தராசில் வைத்தால் 1,190 கிராம். வால் பக்கம் கூடும் பாரத்துக்கு மூக்கில் அதைவிடக் கூடுதலாக ஈடுகட்ட வேண்டும், ஏனென்றால் இறக்கையிலிருந்து வால்தான் அதிகத் தொலைவில் இருக்கிறது. ஈயம் ஒரு கிராம்கூட வைக்கவில்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்ததற்கு அதுதான் காரணம். மடிப்புகளை அசைக்கும் சின்ன மோட்டாரான சர்வோவில், மெட்டல் கியர் போட்டது ஒன்றும் பிளாஸ்டிக் கியராக மாறியிருந்தது. கடையில் கொடுக்கும்போது பேட்டரியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனது என் நல்ல நேரம்.

போன் செய்தேன். "நீங்க வேகமா ஓட்டியிருப்பீங்க சார்" என்றார். போட்டோ அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ல் கேட்டால் முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான். நான் துண்டுச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

கொடுக்கும் முன் எடை போட்டு, உதிரிபாகங்களைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கான பில் கேளுங்கள். கழலும் இறக்கை திரும்பி வரும்போதும் கழல வேண்டும். பறக்கவிடும் முன், இறக்கைக்கு அடியில் மேனுவலில் சொன்ன இடத்தில் இரண்டு விரலில் தூக்கிப் பாருங்கள், வால் தொங்கினால் பறக்கவிடாதீர்கள்.

இந்த வேலையில் பாதிக்குக் கடையே தேவையில்லை என்பதுதான் என் எரிச்சல். நசுங்கிய இபிஓ மேல் கொதித்த தண்ணீரை ஊற்றினால் உப்பி மேலே வரும். அப்படித்தான் மூக்கை நேற்று அடுப்படியில் சரிசெய்தேன், வீட்டம்மா ரசம் வைக்க இடம் கேட்டுக்கொண்டே நின்றார். பிளவுக்கு ஃபெவிக்விக் போதும். ஆனால் உங்களுடையது வெள்ளைத் தெர்மாகோல் என்றால் ஃபெவிக்விக்கைத் தொடாதீர்கள், ஃபோமையே கரைத்துவிடும். கார்பன் குழாயை ரிச்சி தெரு போகும்போது விசாரிக்க வேண்டும்.

வால் பக்கத்து க்ளூவை இன்னும் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். இதுவரை எடுத்தது 74 கிராம்.