வாயைக் கேட்பதா, ரத்தத்தைப் பார்ப்பதா?

மாத்திரையை ஒழுங்காகப் போட எஸ்எம்எஸ் உதவுமா என்று பார்த்த கென்யாவின் வெல்டெல் ஆய்வு 2010-இல் வெளியானது. எச்ஐவி மருந்து தொடங்கிய 538 பேரில் 273 பேருக்கு வாரம் ஒரு எஸ்எம்எஸ்: ‘மாம்போ?’, அதாவது எப்படி இருக்கீங்க? 48 மணி நேரத்துக்குள் நலம் என்றோ பிரச்சினை என்றோ பதில் வரவேண்டும். பிரச்சினை என்றாலோ, பதிலே வராவிட்டாலோ மருத்துவப் பணியாளர் போன் போடுவார்.

பலனை இரண்டு விதமாக அளந்தார்கள். மாத்திரையை ஒழுங்காகப் போட்டீர்களா என்று கேட்டது ஒன்று: எஸ்எம்எஸ் பெற்றவர்களில் 62 சதவீதம், பெறாதவர்களில் 50. இப்படிக் கேட்பதற்குச் செலவு குறைவு, சரி. ஆனால் வாராவாரம் அக்கறையாக விசாரிப்பவர்களிடம் ‘போடவில்லை’ என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

அப்புறம், ரத்தத்தில் வைரஸ் அடங்கியதா என்ற சோதனை: பெற்றவர்களில் 57 சதவீதம், பெறாதவர்களில் 48. இடைவெளி கொஞ்சம் சுருங்குகிறது. லேப் வேண்டும், பணம் வேண்டும். இருந்தாலும் நான் நம்புவது இந்தக் கணக்கைத்தான்.