லோரியில பல வருஷமா ஓடுற ஒரே ஆல்பம்: ஆர்.இ.எம். குழுவோட நியூ அட்வென்ச்சர்ஸ் இன் ஹைஃபை

ஆர்.இ.எம்.ங்கிற அமெரிக்க ராக் குழுவ சொன்னா எல்லாரும் 1991ல வந்த லூசிங் மை ரிலிஜன் பாட்டத்தான் சொல்வாங்க, கொஞ்சம் தேடி கேக்குறவங்க அடுத்த வருஷம் வந்த ஆட்டோமேட்டிக் ஃபார் த பீப்பிள் ஆல்பத்த சொல்வாங்க. 1996 செப்டம்பர்ல வந்த இத பத்தி பேச ஆளே இல்ல. எனக்கு அவங்க செஞ்சதுலயே இதுதான் ஒசத்தி.

மொத கேசட் இங்க மலேசியாவுல, பத்தாங் பெர்ஜுந்தை ஊரு பசார் மாலாம்ல, அதான் ராத்திரி சந்தையில, வாங்குனது (இப்ப ஊர் பேரு பெஸ்தாரி ஜெயா, ஆனா எங்க வாயில பழைய பேருதான் வரும்). அப்ப தோட்டத்து லயத்துல, தொழிலாளிங்க வரிசை வீட்டுல, இருந்தோம். ஆறாவது பாட்டு லீவ், மெதுவா கிட்டார்ல ஆரம்பிச்சு திடீர்னு சைரன் மாதிரி ஒரு சத்தம் ஏறும், ஏழு நிமிஷத்துக்கு மேல ஓடுற பாட்டுல அது விடவே விடாது. மொத நாள் போட்டப்ப அம்மா அடுப்படியிலேர்ந்து கையில கரண்டியோட ஓடி வந்து, "ஏன்யா ஆலையில இந்நேரத்துக்கு சங்கு ஊதுறான், யாருக்காச்சும் அடிபட்டுருச்சா"ன்னு கேட்டாங்க. நேரங்கெட்ட நேரத்துல சங்கு ஊதுனா தோட்டத்துல அதுக்கு அர்த்தம் அதுதான். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனா அந்த பாட்டுல இருக்குற பதற்றத்த அவங்க அளவுக்கு யாரும் புடிச்சதில்ல.

பல பேரு இத டூர்ல மிஞ்சுன பாட்டுங்கன்னு ஒதுக்கிட்டாங்க. 1995ல மான்ஸ்டர் ஆல்பத்துக்கு ஊர் ஊரா போனப்ப மேடையில, சவுண்ட் செக்ல, டிரஸ்ஸிங் ரூம்லன்னு கெடச்ச எடத்துலயெல்லாம் ரெக்கார்ட் பண்ணுனது, கொஞ்சம் பாட்டு மட்டும் அப்புறமா சியாட்டில் ஸ்டூடியோவுல. அந்த டூர்லதான் சுவிட்சர்லாந்து லொசான்ல டிரம்மர் பில் பெர்ரிக்கு மேடையிலயே மூளை ரத்தக்குழாயில பிரச்சனையாகி ஆபரேஷன் வரைக்கும் போச்சு. அந்த அலைச்சல், அந்த பயம் எல்லாம் பாட்டுல இருக்கு, அதனாலதான் வீட்டுல ஒக்காந்து கேட்டா பாதிதான் கெடைக்கும்.

நான் செம்பனை (பாமாயில் எடுக்குற பனை) குலை ஏத்துற லோரி ஓட்டுறேன். ஆல்பம் 65 நிமிஷம், எனக்கு தோட்டத்துலேர்ந்து ஆலைக்கு ஒரு நடை, க்யூவோட சேத்து, கிட்டத்தட்ட அதே நேரம். செம்பனை தோட்டத்துக்குள்ள நுழைஞ்சா போன் லைன் கெடைக்காது, அதனால போன்ல கேக்குற கதையெல்லாம் ஆகாது, சிடிதான், இப்ப ஓடுறது மூணாவது சிடி. செம்மண் ரோட்டுல லோ டெசர்ட் பாட்டு வர்றப்ப அந்த கனமான கிட்டாரும் எஞ்சின் சத்தமும் ஒண்ணா கலந்துரும். ஈ-போ த லெட்டர் பாட்டுல பாடகி பேட்டி ஸ்மித் பின்னாலேர்ந்து பாடுற அந்த குரலுக்கு நான் கண்ணாடிய ஏத்திருவேன், வெளிச்சத்தம் ஒண்ணும் உள்ள வரக்கூடாது.

கொறை சொல்லணும்னா பிங்கி த டோர்மேட் பாட்டு இத்தன வருஷத்துல ஒட்டவே இல்ல, தாண்டிருவேன்.

பில் பெர்ரி இருந்த கடைசி ஆல்பம் இது. 1997ல விலகிட்டாரு, அப்புறம் ஜார்ஜியாவுல வைக்கோல் புல்லு போடுற விவசாயி ஆயிட்டாரு. இத தெரிஞ்ச நாள்லேர்ந்து கடைசி பாட்டு எலெக்ட்ரோலைட்ல அந்த பியானோவ விட்டுட்டு அவரோட டிரம்ஸத்தான் கேக்குறேன். ராத்திரி மலை மேலேர்ந்து லாஸ் ஏஞ்சலஸ் வெளக்க பாத்து பாடுற பாட்டு அது, எனக்கு எதிர்ல ஆலை வெளக்கு, முன்னால நாலு லோரி. என் நம்பர கூப்புட்டாலும் பாட்டு முடியாம எறங்க மாட்டேன், எடை போடுற அண்ணனுக்கு அது தெரியும்.